உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

வசந்தம் வந்துவிட்டது என்பது டிக்டிக் அக்காவுக்குத் தன் வலது கட்டைவிரல் வீங்குவதை வைத்துத்தான் தெரியும். மற்றவர்கள் மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அவளுக்கு மரத்தைப் பார்க்கவெல்லாம் நேரம் கிடையாது.

குளிர் விட்டதும் அந்தப் பெருநகரத்தில் ஆறு வாரத்துக்கு ஒரே அமர்க்களம். பூந்தோட்டத்தைத் திறப்பார்கள், ஆற்றங்கரையில் பட்டம் விடுவார்கள், புத்தகச் சந்தை போடுவார்கள், அருங்காட்சியகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காசு வாங்காமல் உள்ளே விடுவார்கள். வீட்டுக்குள் கிடந்த ஊர் மொத்தமும் தெருவில் இருக்கும். இந்த எல்லா இடங்களிலும் வாசலில் நின்று உள்ளே போகும் தலைகளை எண்ணுவது அவள் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் இரும்புக் கருவி, தலைக்கு ஓர் அழுத்து, டிக் என்று ஓர் எண் ஏறும். ஏறும், இறங்காது. தப்பாக அழுத்திவிட்டால் திருத்த வழியில்லை. பக்கத்துத் திருகைச் சுற்றினால் மொத்தமும் பூஜ்யமாகிவிடும், அவ்வளவுதான்.

பதினோரு வருடமாக ஊரில் ஒரு கொண்டாட்டம் பாக்கியில்லாமல் போனவள் அவள். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. முகம் எப்போதும் தெருவைப் பார்த்து இருக்கும். கச்சேரி கேட்டதெல்லாம் அவளுடைய முதுகுதான். நாற்பத்தொன்பது வயதில், போன வருடம் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால், "ஒரு லட்சத்து நாப்பதாயிரம் மூஞ்சி" என்பாள்.

வேலை விரலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டுக்கு உறவினர் யாராவது வந்தால், கருவி இல்லாமலே கட்டைவிரல் ஆள்காட்டி விரலை அழுத்தும். அவளுக்கே தெரியாது. அண்ணி கண்டுபிடித்துவிடுவாள். "எங்க வீட்டு ஆளுங்கள எண்ணி முடிச்சிட்டியா? எத்தனை தட்டு வைக்கணும், சொல்லு" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவாள்.

அவள் இருப்பது அண்ணன் வீட்டில். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். மூன்றாம் நாள், பணி முடிந்து சீருடைகூடக் கழற்றாமல் அண்ணன் வந்து நின்றார். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பெட்டிய எடு பாப்பா. வீட்ல இடம் இருக்கு" என்றார். இரண்டே அறை உள்ள வீடு. அண்ணி, அண்ணன், அண்ணனின் மாமியார் என்று ஏற்கெனவே மூன்று பேர். எண்ணிப் பார்த்திருந்தால் இடம் இருந்திருக்காது. அவர் எண்ணவில்லை.

எண்ணுவதில் அவரும் லேசுப்பட்டவர் இல்லை என்பதுதான் வேடிக்கை. இருபத்தெட்டு வருடம் பதினேழாம் நம்பர் பஸ் ஓட்டியவர். உட்காருகிறவர்கள் இத்தனை, நிற்கிறவர்கள் இத்தனை, அதற்குமேல் கதவு மூடிவிடும். நிறுத்தத்தில் நிற்பவர்கள் தலைகீழாக நின்றாலும் மசியமாட்டார். "உள்ள இருக்கறவங்க உயிருக்கு நான் பொறுப்பு. வெளிய இருக்கறவங்க கோவத்துக்கு நான் பொறுப்பில்ல" என்பார். வீட்டுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது காலும் இடது கையும் பாதிக்குமேல் திரும்பிவிட்டன. ஆள்தான் திரும்பவில்லை. வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்க வந்தவர்களை அவள் விரல் எண்ணியிருந்தது. முதல் வாரம் நாற்பத்தொன்று, இரண்டாம் வாரம் ஒன்பது, பிறகு யாருமில்லை. அதை அவள் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. முடிவெட்டுகிறவர்கூட வீட்டுக்கே வந்தார். வரிசையில் நிற்காமல் போக உதவும் அட்டைக்கு அண்ணி விண்ணப்பத்தாள் வாங்கி வந்தபோது, "அதெல்லாம் முடியாதவங்களுக்கு" என்று வலது கையாலேயே கிழித்துப் போட்டார். நடக்காவிட்டால் இந்தக் கால் இப்படியே நின்றுவிடும் என்று மருத்துவர் சொன்னதற்கு, ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அவள் விடவில்லை. பூந்தோட்டம் திறந்ததும் தினமும் சாயங்காலம் வந்து, தான் பார்க்காத பூவைப் பார்த்ததுபோல வர்ணிப்பாள். உள்ளே போய் வந்தவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு அப்படியே ஒப்பிப்பாள். பொய் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். ஆறாம் நாள், தொல்லை தாங்காமல் சம்மதித்தார்.

"ஒரு தடவதான். கூட்டம் இல்லாத நாளா பாரு. ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா, அதுக்கப்புறம் வெளிய வான்னு என்னை நீயும் கேக்கக்கூடாது, அவளும் கேக்கக்கூடாது."

அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது இருவருக்கும் தெரியும்.

புதன்கிழமை என்று முடிவு செய்தாள். வேலைநாள், கூட்டம் இருக்காது. திங்கட்கிழமை பணி முடிந்தபிறகு, வாசலிலிருந்து வெள்ளைப்பூ மரத்தடியில் இருக்கும் முதல் பெஞ்சு வரை, தரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் நடந்து பார்த்தாள். நாற்பத்தாறு காலடி. பிறகு திரும்பி வந்து, இடது காலை இழுத்து இழுத்து அண்ணனைப்போலவே நடந்து பார்த்தாள். தொண்ணூறு. தோட்டக்காரர் பார்த்துவிட்டு, "என்னக்கா, கால்ல முள்ளா?" என்றார். அவள் சிரித்துச் சமாளித்தாள். தொண்ணூறு காலடி அண்ணனால் முடியும்.

செவ்வாய்க்கிழமை தலையில் கல் விழுந்தது. ஞாயிறன்று தோட்டத்தில் மழையால் நின்றுபோன கச்சேரியைப் புதன்கிழமை நான்கு மணிக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணனிடம் சொன்னால் வரமாட்டார். சொல்லாமல் விழுங்கிவிட்டாள். இரண்டு மணிக்கு வந்துவிட்டால், கூட்டம் சேர்வதற்குள் பெஞ்சில் உட்காரவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

புதன்கிழமை ஒரு மணியிலிருந்தே அவள் கண் எதிர்சாரி பஸ் நிறுத்தத்தில்தான் இருந்தது. தோட்டத்துக்குள் ஒரே நேரத்தில் மூவாயிரம் பேருக்குமேல் இருக்கக்கூடாது என்பது நகரசபை உத்தரவு. உள்ளே போகிறவர்களை அவள் எண்ணுவாள், வெளியே வருகிறவர்களை அடுத்த வாசலில் இருக்கும் பெண் எண்ணுவாள். மேற்பார்வையாளர் கழித்துப் பார்த்துப் பலகையில் எழுதுவார். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தால் மட்டும் அவள் உள்வாசலில் கட்டைவிரலை மடக்கிக்கொள்ள வேண்டும். எத்தனை பிள்ளைகள் என்று டீச்சர் சீட்டுக் கொடுப்பார், அதை மேற்பார்வையாளர் நேராகப் பலகையில் சேர்த்துவிடுவார்.

ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் மூன்று பள்ளிக்கூடங்கள் வந்தன. மஞ்சள் தொப்பி, நீலத் தொப்பி, பிறகு தொப்பியே இல்லாத வாண்டுகள். அந்த நேரத்தில் இரண்டு பதினேழாம் நம்பர் பஸ்கள் வந்து போயின. ஒவ்வொரு முறையும் கழுத்தை நீட்டி, இறங்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இறங்கவில்லை.

இரண்டு ஐம்பதுக்குப் பலகை மூவாயிரத்தைத் தொட்டது. 'இடம் நிறைந்தது' என்ற அட்டையை மாட்டிக் கதவை மூடினார்கள். இனி ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே போகலாம். கச்சேரி தொடங்கப்போகும் நேரத்தில் யார் வெளியே வருவார்கள்.

மூன்று பத்துக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். தேய்த்த நீலச் சட்டை, பளபளவென்று ஷூ, கையில் தடி. எட்டு மாதம் கழித்து வெயிலில் பார்க்கும் அண்ணன் அவளுக்கு ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார்.

"ரெண்டு பஸ்ஸ விட்டுட்டார்" என்றாள் அண்ணி. "கூட்டமா இருக்காம். நின்னுக்கிட்டு வரமாட்டாராம்."

அண்ணன் அட்டையைப் படித்தார். "நிறைஞ்சிருச்சா?" நோய்க்குப் பிறகு அவர் பேச்சு கொஞ்சம் வழுக்கும்.

"இப்பதான்ணா. யாராவது வெளிய வருவாங்க. கொஞ்சம் இருங்க."

"வரிசை எங்க முடியுது?"

மதிலை ஒட்டி மூலை வரைக்கும் எண்பது பேர் நின்றார்கள். அவர் தடியை ஊன்றி அதன் கடைசிக்குப் போனார். முன்னால் நின்ற ஒருவர், "நீங்க இங்க வாங்க ஐயா" என்று விலகி இடம் கொடுத்தார். "நீங்க எனக்கு முன்னாடி வந்தவர்" என்று சொல்லிவிட்டு அண்ணன் நடந்தார்.

அவள் கம்பிகளின் வழியே உள்ளே திரும்பிப் பார்த்தாள். வெள்ளைப்பூ மரத்தடி பெஞ்சு காலியாக இருந்தது. பக்கத்துப் பெஞ்சிலும் ஒரே ஒரு ஆள். மூவாயிரம் பேர் இருக்கும் தோட்டத்தில் பெஞ்சு காலியாக இருக்காது. மஞ்சள் தொப்பிகள் ஞாபகத்துக்கு வந்தன. பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கட்டைவிரலை மடக்கினாளா? மடக்கிய ஞாபகம் இல்லை. டிக், டிக், டிக் என்று காதில் விழுந்த ஞாபகம் இருந்தது.

ஓடிப்போய் மேற்பார்வையாளரிடம் சொன்னாள். "சார், ஸ்கூல் பசங்கள நானும் அழுத்திட்டேன்னு நினைக்கிறேன். சீட்டுலயும் ஏறியிருக்கு, என் கையிலயும் ஏறியிருக்கு. உள்ள ஆள் குறைவாதான் இருக்கு."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

அவள் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். அதில் மொத்த எண் மட்டும்தான் இருந்தது.

"எல்லாரையும் அழுத்தினீங்களா, பாதிப் பேரையா?"

"தெரியல சார்."

அவர் கெட்டவர் இல்லை. போன வருடம் வேறொரு மைதானத்தில் நெரிசலில் ஆட்கள் மிதிபட்டதை நேரில் பார்த்தவர். வரிசையின் கடைசியில் தடியோடு நின்றவரையும், அவர் பக்கத்தில் நின்ற அண்ணியையும் பார்த்தார்.

"பதினோரு வருஷத்துல ஒரு தப்பு பண்ணினதில்ல நீங்க. இன்னிக்கு உங்க அண்ணன் வந்து நிக்கற நேரத்துல பண்ணிட்டேன்னு சொல்றீங்க. நான் என்னக்கா பண்றது?"

"அப்ப நான் வெளிய வந்துடறேன் சார். என் இடத்துக்கு அவர் போகட்டும்."

"நீங்க கணக்குலயே கிடையாதே" என்றார் அவர் மெதுவாக.

பதினோரு நிமிடத்தில் நான்கு பேர்தான் வெளியே வந்தார்கள். அண்ணனின் இடது கால் நடுங்க ஆரம்பித்தது. தடியை மாற்றி மாற்றிப் பிடித்தார். அண்ணி கையைப் பிடிக்கப் போனபோது உதறினார். பிறகு வரிசையை விட்டு விலகி, வாசலுக்கு வந்தார்.

"நாங்க கிளம்பறோம் பாப்பா."

"அண்ணா, உள்ள இடம் இருக்குண்ணா. நான்தான் தப்பா எண்ணிட்டேன். நிஜமா இடம் இருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் அண்ணன். கோபமே இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு, இருக்குன்னு இருபத்தெட்டு வருஷம் கேட்டிருக்கேன்." மேற்பார்வையாளரைப் பார்த்து, "நீங்க செய்யறது சரிதான் தம்பி. மூடினா மூடினதுதான்" என்றார்.

எதிர்சாரிக்குப் போய் நின்றார்கள். வந்த பஸ்ஸில் பாதிக்குமேல் காலி. அவர் ஏறுவதற்கு நேரம் பிடித்தது. அவளால் வாசலை விட்டு நகர முடியாது. வெளியே ஒருவர் வந்தார், உள்ளே ஒருவரை விட்டு டிக் என்று அழுத்தினாள். நிமிர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

ஆறு மணிக்குக் கச்சேரி முடிந்து தோட்டம் காலியானது. ஆறரைக்கு இரண்டு வாசல் கணக்கையும் வைத்துக் கழித்துப் பார்த்தார்கள். உள்ளே போனவர்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வெளியே வரவில்லை. மேற்பார்வையாளர் மூன்று பள்ளிகளின் சீட்டுகளையும் எடுத்துக் கூட்டினார். அறுபத்துநான்கு, எழுபத்தொன்று, எழுபத்தேழு. ஒரு தலை பிசகாமல் இருநூற்றுப் பன்னிரண்டு.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிருங்கக்கா" என்றார். சீட்டுகளை மடித்து வைத்துவிட்டு, "ஆனாலும் தப்புன்னு தாள்ல எழுத முடியாது. உள்ள யாரும் இல்லன்னு தேடிப் பாத்துட்டுத்தான் எழுதணும். அதுவரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. வாங்க, தேடிட்டு வந்துடலாம்" என்றார்.

எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு வாக்கிடாக்கியோடு, இல்லாத இருநூற்றுப் பன்னிரண்டு பேரைத் தேடக் கிளம்பினார்கள். அவளுக்கு முன்வாசல் பாதை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, மரமெல்லாம் பூத்து நிற்கும் தோட்டத்தைப் பார்த்து நடந்தாள். வீட்டில் அவள் அளந்துவிட்டதைவிட நிஜமாகவே நன்றாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். கூப்பிட வேண்டும் என்பது விதி.

பாதி வழியில் அண்ணி போன் செய்தாள். "ஷூவத் துடைச்சு அட்டைப்பெட்டியில போட்டு பரண் மேல ஏத்தச் சொல்லிட்டார். ஏத்திட்டேன். வேற என்ன பண்ணச் சொல்ற? உன்மேல கோவமெல்லாம் இல்லயாம், சொல்லச் சொன்னார்."

"சரி அண்ணி" என்றாள்.

நாற்பத்தாறாவது காலடியில் பெஞ்சு வந்தது. பூ உதிர்ந்து கிடந்ததே தவிர, யாரும் உட்கார்ந்த தடம்கூட இல்லை. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "முன்வாசல் பக்கம் யாராவது இருக்காங்களாக்கா?"

"யாரும் இல்ல சார்" என்றாள். "இடம் இருக்கு."