மூடாத கண்ணோடு வரதராஜன்பேட்டைக்கு

1946ஆம் வருஷம் ஆனி மாதத்தில் நான் வரதராஜன்பேட்டைக்குப் போனதற்குக் காரணம் என் முகம். நாடகக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக ஸ்திரீ பார்ட் போடுகிறவன் நான். ராணி வேஷம் என்றால் நோட்டீஸில் என் பெயர்தான் முதலில் வரும். முசிறியில் ஆட்டம் முடிந்த கையோடு, வேஷம் கலைத்த வியர்வை காயாமல், சீன் சாமான் ஏற்றிய லாரியின் மேல் படுத்துக் காற்று வாங்கிக்கொண்டு திருச்சி வந்து சேர்ந்தேன். காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது பக்கமாகத் தானே வழிகிறது. கண்ணாடியைப் பார்த்தேன். வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கன்னம் அசையவில்லை, இடது கண் மூட மாட்டேன் என்றது.

அழகான முகம் என்று பெயர் வாங்கியவனுக்கு இதைவிடப் பெரிய அடி வேறு இல்லை. பெண்கள் என் புடவைக் கட்டைப் பார்த்துக் கட்டிக்கொண்ட ஊர்கள் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைக்கே சொல்கிறேன். கண் மூடாததால் தூக்கமும் போயிற்று. துணி கட்டிப் படுப்பேன், எழுவேன், நடப்பேன், மறுபடி கண்ணாடி பார்ப்பேன். டாக்டர் ஓர் ஊசி போட்டு, தானாகச் சரியாகும், பொறுத்திரு என்றார். பொறுத்திருப்பது எனக்கு வராத வித்தை.

கம்பெனியை நடத்துகிறவரும் எங்களுக்குப் பாடம் சொல்லித்தருகிறவரும் ஒருவரே. எல்லோரும் அவரை வாத்தியார் என்போம். அவர் என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆடி பொறந்ததும் பெரம்பலூர்ல கொட்டகை போடுறோம். அதுக்குள்ள சரியாச்சுன்னா நீதான் ராணி. இல்லேன்னா கோபால் போடட்டும்." கோபாலுக்கு இருபது வயது. தோழி வேஷம் போடுகிறவன். அன்று சாயங்காலமே அவன் ராணியின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

எங்கள் ஆர்மோனியக்காரருக்குச் சொந்த ஊர் செந்துறை. அவர்தான் வழி சொன்னார். வரதராஜன்பேட்டையைச் சேர்ந்த ஞானப்பிரகாசம் என்பவர் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸராக இருந்தவர். யுத்தம் முடிந்து முதலில் வந்த கப்பல்களில் ஒன்றில் மனைவியோடு ஊர் திரும்பிவிட்டார். மனைவி சீனப் பெண். ஈப்போவில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகள். "கோணின வாயை ஊசி குத்தி நேராக்குதாம்," என்றார். நான் அடுத்த நாளே கிளம்பிவிட்டேன்.

திருச்சியிலிருந்து காலை ரயிலில் அரியலூருக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அங்கே இறங்கிச் செந்துறை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பதினோரு மைல், ஆறணா. பெட்ரோல் கிடைக்காத காலமாகையால் கரி பஸ்தான். பின்னால் ஒரு பீப்பாயில் கரி எரியும். கிளீனர் விசிறியைச் சுற்றிச் சுற்றிப் புகை கிளப்பினால்தான் வண்டி மனம் வைக்கும். நான் பத்துத் தடவை ஏறி இறங்கிவிட்டேன்.

"ஏங்க, நீங்க ஏறி ஏறி எறங்குனா கரி சீக்கிரம் எரியுமா?" என்றார் டிரைவர். "கண்ணுல என்ன கட்டு? ஏலாக்குறிச்சிக்குப் போங்க. மாதா கோயில்ல மண்ணு தருவாங்க. எங்க சின்னம்மாவுக்கு அதுலதான் கேட்டுச்சு."

"அங்கயும் போறேங்க. மொதல்ல வண்டிய எடுங்க," என்றேன்.

செந்துறையில் அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. மர நிழலில் ஒரு அம்மாள் நாவல்பழம் விற்றுக்கொண்டிருந்தார். கூறு ஓரணா. வேறு வேலை இல்லாமல் இரண்டு கூறு தின்றேன். பாதிச் சாறு இடது கடைவாய் வழியாக ஒழுகி ஜிப்பா நாசமாயிற்று. பிறகு ஆண்டிமடம் வரை பஸ், எட்டணா. அங்கிருந்து மூன்று மைல் மாட்டுவண்டி. இரு பக்கமும் கம்பு, வரகு விதைக்க உழுது போட்ட செம்மண். வண்டியைவிட நான் வேகமாக நடப்பேன் என்று இறங்கி நடந்தேன். வண்டிக்காரர் கூலியைக் குறைக்கவில்லை.

ஞானப்பிரகாசம் வீட்டைக் கேட்கத் தேவையே இல்லை. வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். முகத்தில் மங்கு விழுந்தவர்கள், முடி கொட்டுகிறவர்கள், எல்லோரும் சீனப் பவுடர் கேட்டு வந்தவர்கள். அந்தச் சீன அம்மாளோ பவுடர் தருவதாக இல்லை. நாக்கை நீட்டு, ராத்திரி தூங்கினாயா, வெளிக்குப் போனாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் முகத்துக்குப் பச்சைப்பயறு மாவு போதும், சீக்கிரம் படு, சோற்றைச் சுடச் சுடச் சாப்பிடு என்று அனுப்பினார்.

"மொகத்துக்கு மருந்து கேட்டா வவுத்தக் கேக்குது இந்தப் பொம்பள. பச்சப்பயறு எங்க வூட்டுல இல்லையா?" என்று ஒருத்தி திட்டிக்கொண்டே போனாள். ஆனால் மறுநாளும் வந்தாள், தங்கையைக் கூட்டிக்கொண்டு.

ஊரார் அவரைச் சீனத்தம்மா என்பார்கள். நாற்பது வயது இருக்கும். ரவிக்கையும் கைலியுமாக மலாயாவில் உடுத்தியபடியே இருந்தார். தோட்டத்து ஜனங்களிடம் கற்ற தமிழ். யாரானாலும் நீ, வா, போ தான். மாதா கோயில் சாமியாரையும் அப்படித்தான் கூப்பிடுவாராம். என் தொழிலைக் கேட்டுக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார். வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போனது. கணவரைக் கூப்பிட்டுத் தங்கள் பாஷையில் படபடவென்று என்னவோ சொன்னார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"என்னங்க சொல்றாங்க?"

"நாக்கு கருநீலமா இருக்கு, ரத்தம் ஒறைஞ்சு போச்சு, இந்த ஆளு எப்படி நடந்து வந்தாருன்னு கேக்குறா," என்றார் ஞானப்பிரகாசம். பிறகு என் ஜிப்பாவைப் பார்த்தார். "தம்பி, நாவப்பழம் தின்னீங்களா?"

அந்தப் பழத்தை அந்த அம்மாள் அதுவரை கண்டதில்லை. விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிக்க வாயில்லை. நாக்கைப் பார்க்காமல் மருந்து கிடையாது, நாளைக்கு வா என்று சொல்லிவிட்டார். வெற்றிலை போட்டு வந்த இரண்டு பெரிய மனிதர்களுக்கும் அதே பதில்தான். ஒரு நாள் வீண்! ஆடி பிறக்க எத்தனை நாள் என்று விரலை மடக்கிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் எனக்குக் கொடுத்த கீற்றுக் கொட்டகையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

மறுநாள் நாடி பார்த்தார். நம் வைத்தியர்கள் ஆணுக்கு ஒரு கை, பெண்ணுக்கு ஒரு கை என்பார்கள். இவர் இரண்டு கையையும் பிடித்து மூன்று விரலால் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். வியர்வையோடு காற்றில் படுத்தாயா என்று அவராகவே கேட்டபோது எனக்கு ஆச்சரியம்தான். நாம் வாதம் என்பதை அவர்களும் காற்று என்றுதான் சொல்கிறார்கள். பிறகு என் தாடை எலும்பின் மூட்டில், காதுக்கு முன்னால், ஒரு விரலை வைத்துக்கொண்டார்.

"ஒன் எடத்துல யாரு ஆடறான்?"

"கோபால்னு ஒருத்தன்," என்றேன்.

விரலுக்குக் கீழே சதை கல்லாக இறுகியதை நானே உணர்ந்தேன். அவர் கணவரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "கோபால் இங்க உக்காந்திருக்கான்," என்றார்.

தலைமுடி மாதிரி மெல்லிய ஊசிகளைக் கன்னத்திலும் கையில் கட்டை விரல் பக்கமும் குத்தினார். வலி எறும்புக் கடி அளவுகூட இல்லை. அவர்கள் ஊரில் ஒரு இலையைப் பஞ்சாக்கி உடம்புக்குக் கிட்டத்தில் புகைய விட்டுச் சூடு காட்டுவார்களாம். அது இங்கே இல்லையே என்று தேடி, நாட்டுமருந்துக் கடை மாசிபத்திரியை மோந்து பார்த்து, அதுதான் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்தச் சூடு காதடியில் பட்டபோது சுகமாக இருந்தது. எனக்குப் பிடிக்காதது அதற்குப் பிறகு வந்த வேலை. முழங்காலைச் சிறிது மடக்கி, கையில் பெரிய குடத்தை அணைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் சும்மா நிற்க வேண்டும். பாதம் தரையில் எங்கே அழுந்துகிறது, மூச்சு எதுவரை போகிறது, பல்லைக் கடித்திருக்கிறேனா என்று கவனித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் நின்றேன். இடுப்பைக் கொஞ்சம் ஒசித்து, கழுத்தைச் சாய்த்து, விரல்நுனி வரை நயமாக. வாசலில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வேறு எப்படி நிற்பது?

சீனத்தம்மா வந்து என் இடுப்பை நேராக்கினார். "யாருக்குக் காட்டுற?"

"யாருக்கும் இல்லையே."

"பொய். கழுத்து காட்டுது, கை காட்டுது. யாரும் பாக்கல. நில்லு."

பெண்களை விரட்டிவிட்டுத் தானும் உள்ளே போய்விட்டார். யாரும் பார்க்காமல் நிற்பது என்றால் என்ன என்று எனக்கு விளங்கவே இல்லை. பதினான்கு வயதிலிருந்து என்னை யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பயமாகக்கூட இருந்தது, நான் அங்கே இல்லாமல் போய்விட்டேனோ என்று. இரண்டு நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியே பத்து நாள் திருட்டுத்தனமாக உட்கார்ந்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றேன். வாய்க் கோணல் குறைந்தது. தண்ணீர் ஒழுகுவது நின்றது. ஊசியா, புகையா, டாக்டர் சொன்னபடி தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் கண் மட்டும் மூடவில்லை. தூக்கமும் வரவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். அரிசி ரேஷன் காலம். இரண்டு படி அரிசியைக் கையோடு கொண்டுபோங்கள், அந்த வீட்டில் அதைவிட நல்ல காணிக்கை இல்லை. முதல் நாளிலிருந்தே நாவல்பழம், வெற்றிலை இரண்டும் கூடாது. காப்பிகூடக் குடிக்காமல் போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விடுவார்கள், வைத்தியம் இல்லை. பவுடர் கேட்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம் தங்க முடிந்தால் போங்கள். நான் தங்கவில்லை.

ஆடி பிறந்தது. வெள்ளிக்கிழமை பெரம்பலூரில் முதல் ஆட்டம் என்று சேதி வந்ததும் மூட்டையைக் கட்டினேன். சீனத்தம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும்.

"கண்ணு மூடல. போகாத. பாதி வெந்த சோறு யாரு எறக்குவா?"

"பவுடரப் பூசினா தெரியாதுங்க."

அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். ஞானப்பிரகாசம்தான் வண்டி வரை வந்து, "போயிட்டு வாங்க தம்பி. அவ அப்படித்தான், நாளைக்குத் தேடுவா," என்றார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

திரும்பும்போது ஜெயங்கொண்டம் வழியாக அரியலூர் வந்தேன். நாலு மணி நேரம். அரியலூரிலிருந்து பெரம்பலூர் இருபது மைல், பத்தணா. நடுவழியில் கரி தீர்ந்து, ஒரு ஊரில் யார் வீட்டிலோ கரி வாங்கிப் போட்டுக்கொண்டு போனோம். நான் கிளீனரிடமிருந்து விசிறியைப் பிடுங்கி நானே சுற்றினேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பிய பஸ் மத்தியானம் ஒரு மணிக்குப் பெரம்பலூர் சேர்ந்தது. கொட்டகையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

வாத்தியார் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "முன் பெஞ்சுல உக்காரு. கோபால் எங்க தப்புறான்னு பாத்துச் சொல்லு," என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. கோபால் ராணியாக வந்தான். சிறையில் தனியாகப் புலம்பும் கட்டம். அதற்கு என்னைப் பெரம்பலூர் முன்பு ஒருதரம் மூன்று முறை திரும்பப் பாட வைத்திருக்கிறது. முந்தானையை அவன் இழுத்த விதம் தப்பு. இரண்டாவது அடியில் சுருதி இறங்கிற்று. எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டேன். பல் கடித்திருப்பது தெரிந்தது, விட்டேன். மறுபடி கடித்தது, மறுபடி விட்டேன். பாதம் இரண்டும் மணலில் இருந்தன. எல்லோரும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை. கோபால் மூன்றாவது அடி எடுத்தது எனக்குத் தெரியும். நாலாவது அடி தெரியாது.

நடந்ததை ஆர்மோனியக்காரர் பிறகு சொன்னார். பெஞ்சில் அப்படியே சாய்ந்துவிட்டேனாம். குறட்டை மேடைவரை கேட்டிருக்கிறது. கோபால் பாட்டை நிறுத்திவிட்டு அவமானத்தில் நின்றிருக்கிறான். வாத்தியார் கோபமாக வந்து தோளைத் தொடக் குனிந்தவர் தொடவில்லை. எல்லோரையும் கையசைத்துக் கூப்பிட்டாராம். கம்பெனி முழுவதும் என்னைச் சுற்றி நின்று பார்த்திருக்கிறது. கோபால்தான் மெதுவாகச் சொன்னானாம்: "ரெண்டு கண்ணும் மூடியிருக்குண்ணே." பிறகு ஒத்திகையை அத்தோடு நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விட்டார்களாம்.

நான் விழித்தபோது பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். என்மேல் யாரோ ஒரு போர்வை போட்டிருந்தார்கள். பக்கத்தில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

"வாய்க் கோணல் கொஞ்சந்தான் இருக்கு. பவுடர்ல சரிக்கட்டிரலாம்," என்றார். "வெள்ளிக்கெழம நீயே ராணி போடுறியா?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை பஸ்ஸும் ஏறினேன்.

"காலையில சொல்றேனுங்க," என்றேன். அவர் எழுந்து போவதற்குள் திரும்பிப் படுத்துவிட்டேன்.