கவிழ்ந்த செருப்பும் ஒளிர்ந்த வேட்டியும்

ஆய்வகத்து இருட்டறை வாசலில், சார் அங்கேயே விட்டுவைக்கும் ரப்பர் செருப்பு இரண்டும் நேராகக் கிடந்தன. அன்று காலை நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

கதிரேசன் சார் எப்போதும் எனக்கு முன்பே வந்துவிடுவார். உள்ளே விளக்கை அணைத்து அளந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு செருப்பு குப்புறக் கிடக்கும். கதவைத் திறக்காதே, வெளிச்சம் பட்டால் வேலை கெடும் என்று அதற்குப் பொருள். "போர்டு மாட்டினா யாரும் படிக்கிறதில்ல. செருப்பு கவிழ்ந்து கிடந்தா சண்டை வரும்னு எல்லாருக்கும் பயம். கதவைத் திறந்து பாரு, நிஜமாவே சண்டை வரும்" என்பார்.

நான் பெருக்கி முடிக்கும் முன் ஷீபா சேச்சி அழுதுகொண்டே படியேறி வந்தார். சாரிடம் ஆராய்ச்சி செய்கிறவர் அவர். "செல்வி, நம்மட சார் போயி" என்றார். விடியற்காலையில் மட்டாஞ்சேரி வீட்டில் நெஞ்சுவலி. வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நம் தெருச் சங்கத்து மலருக்கு எழுதுகிறேன். சாரைப் படகுத்துறையில் தினமும் பார்த்தவர்களுக்கும் அவர் என்ன வேலை செய்தார் என்பது தெரிந்திருக்காது.

அவருடைய துணிகள் அப்பாவிடம்தான் வெளுப்புக்கு வரும். நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியதைக் கேள்விப்பட்டு, எர்ணாகுளத்தில் அவருடைய ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அங்கே நீளமான ஒரு குழாய் உலை உண்டு. உள்ளே துத்தநாகத் தூளை வைத்துச் சூடாக்குவார்கள். அது ஆவியாகிக் கண்ணாடித் தகட்டில் படிந்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கம்பிகளாக முளைக்கும். வெறும் கண்ணுக்குத் தகட்டில் சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும். பெரிய நுண்ணோக்கியில் எடுத்த படத்தில் அடர்ந்த முடி போலவே இருந்தது. சாருக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. "இங்க வளராதது அங்க வளருது பாரு" என்று தலையைத் தடவிக்கொண்டார்.

இதை வீட்டில் சொன்னதுதான் தாமதம், அம்மா தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள். மறுநாள் படகில் மளிகைக்கடைக்காரர் சாரை மடக்கினார்.

"சாரே, முடி முளைக்கிற மருந்துலயாமே ஜோலி?"

"ஆமா. ஆனா கண்ணாடியிலதான் முளைக்குது."

"அது சாரமில்ல, பரவால்ல. கொஞ்சம் தாங்க, தேச்சுப் பாக்கட்டு."

"உங்க தலை கண்ணாடி ஆகட்டும், தரேன்" என்றார் சார். படகே சிரித்தது. நான் கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைக் கம்பிகள் மேல் அடித்தால் அவையும் பதிலுக்கு ஒளிரும். அந்த ஒளியைக் கருவி பிரித்து மலைமலையாகக் கோடு போடும். ஊதா மலை உயர்ந்தால் கம்பி நன்றாக வளர்ந்திருக்கிறது. பச்சை மலை உயர்ந்தால் கம்பிக்குள் குறை. சாருக்கு எப்போதும் பச்சைதான் உயரும். "எந்தம்பி மகன் மார்க்ஷீட் மாதிரி, வேண்டாத இடத்துலதான் கூடுது" என்பார்.

இந்தக் கம்பிகளை வைத்து, வெயிலைக் கொண்டே சாயத் தண்ணீரைத் தெளிய வைக்க முடியும். அதைக் காட்ட, எங்கள் வெளுப்புக் களத்தில் ஒரு சிவப்புப் புடவை சாயம் விட்ட தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, தகட்டைப் போட்டு மாடியில் வைத்தார்.

"வெயில் பட்டா சாயம் தன்னால மங்கும் சாரே" என்றார் அப்பா.

"அதுக்குத்தான் தகடு போடாம இன்னொரு பாட்டிலும் பக்கத்துல வச்சிருக்கேன்." தகடு போட்ட பாட்டில்தான் முந்திக்கொண்டு தெளிந்தது.

இனி ஓணக் கதை. கல்லூரியில் எங்கள் துறையில் எல்லாரும் புதுத்துணியில் வரவேண்டிய நாள். மற்ற நாளெல்லாம் காக்கிக் கோட்டில் திரியும் சார், அப்பா வெளுத்துக் கஞ்சி போட்ட வேட்டியில் வந்தார். சத்யை விருந்து முடிந்ததும் எல்லாரும் பாட்டுப் பாட, அவர் மெல்ல நழுவிப்போய்ச் செருப்பைக் கவிழ்த்துவிட்டார். வெளியே வந்தவர் முகத்தில் இரண்டாவது பாயசம் கிடைத்த மலர்ச்சி. ஊதாவுக்கும் பச்சைக்கும் நடுவில், யாரும் எதிர்பார்க்காத பெரிய நீல மலை!

ஆய்வகத்தை மதிப்பிட ஒரு குழு வரவிருந்த நேரம் அது. அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் எங்கள் அறையைக் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்துவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார். ஷீபா சேச்சியின் ஆராய்ச்சியும் என் வேலையும் அந்த அறையில்தான் இருந்தன. சார் குழுவினருக்குப் போன் போட்டு நீல மலையைப் பற்றிச் சொல்லியும்விட்டார்.

அதற்குப்பின் எந்தத் தகட்டிலும் நீலம் வரவில்லை. உலையை மாற்றிப் பார்த்தார். தூளை மாற்றிப் பார்த்தார். கடைசியில், "அன்னைக்கு இருந்த எதுவும் குறையக் கூடாது" என்று குழு வருவதற்கு முந்தின நாள் வேட்டி கட்டி வந்தார். ஹோட்டலிலிருந்து பாயசமும் வாங்கி வரச் சொல்லிக் குடித்தார்.

"ஸாரே, ஓண ஊஞ்சலும் கெட்டணோ?" என்றார் ஷீபா சேச்சி.

செருப்பு கவிழ்ந்தது. சற்று நேரத்தில் உள்ளிருந்து பெரிய சிரிப்பு. "ரெண்டு பேரும் உள்ள வாங்க!"

இருட்டில் சார் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே வேட்டி மட்டும் டியூப்லைட் மாதிரி நீலமாக நின்றது. கையில் புற ஊதா விளக்கு. தகட்டின் பின்பக்கத்தில் கைரேகை பட்டால் உடுத்திய துணியின் நுனியால் துடைப்பது அவர் பழக்கம்; மற்ற நாளில் காக்கிக் கோட்டு, ஓணத்தன்று வேட்டி. வெண்மைக்காகச் சோப்புத் தூளில் சேர்க்கிற பொருள், கஞ்சியோடு கஞ்சியாகத் தகட்டில் ஒட்டியிருக்கிறது. நாங்கள் கண்டுபிடித்தது அப்பாவின் வெளுப்பைத்தான்.

ஷீபா சேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளை குழுகிட்ட ஒண்ணும் பறயண்டா ஸாரே. நீலம் வந்தது வந்ததுதானே?"

"வந்தது வேட்டியிலிருந்து. அதைக் கம்பி கணக்குல சேர்த்தா, அப்புறம் கம்பி சொல்றதையும் யாரும் நம்பமாட்டாங்க."

மறுநாள் அதே வேட்டியில் குழுவின் முன் நின்று, விளக்கை அணைக்கச் சொன்னார். நான் கதவிடுக்கில் நின்றேன். நீல வேட்டி இருட்டில் நடந்து நடந்து தன் தவற்றை விளக்கியது. விளக்குப் போட்டதும் இரண்டு சாயப் பாட்டில்களையும் மேசையில் வைத்தார். குழுவில் மூத்தவர் வெகுநேரம் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "இது நடக்கட்டும். அந்த வண்ணான் எங்கே இருக்கிறார், என் வேட்டிகளையும் கொடுக்கலாமா?" என்றார். அறை எங்களிடமே இருந்தது. அப்பாவுக்குப் புது வாடிக்கையும் வந்தது.

பச்சையை அடக்குவதுதான் சாரின் தீராத ஆசை. இறப்பதற்கு முந்தின சாயங்காலம் உலையை அணைத்துவிட்டு, "ராத்திரி முழுக்க ஆறட்டும். இந்தத் தடவை பச்சை அடங்கும்னு தோணுது" என்று சொல்லிப் படகேறினார். அவரை எரித்துவிட்டு வந்த பிறகும் அந்தத் தகடு குழாய்க்குள்ளேயே இருந்தது. யாருக்கும் எடுக்கக் கை வரவில்லை.

போய் வாருங்கள் சார். உங்கள் வேட்டி ஒன்று இன்னும் எங்கள் கொடியில் காய்கிறது.

நேற்று ஷீபா சேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயைத் திறந்து, தகட்டை இடுக்கியால் எடுத்து, இருட்டறைக்குள் கொண்டுபோனார். விளக்கு அணைந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு, சாரின் செருப்பில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.