பச்சையம்மாவின் வரிசை

குரும்பலூர் தங்கப்பொண்ணு இப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் புல்தரைக்குக் களை எடுக்கிறாள். அதையும் ஊரில் வெங்காயக் கொல்லையில் எடுத்தது போலவே வரிசை பிடித்துத்தான் எடுப்பாள். புல் மஞ்சளான இடத்தைக் களைக்கொட்டால் கொத்தினால், வேரைத் தின்னும் வெள்ளைப்புழுக்கள் சுருண்டு கிடக்கும். அவள் பொறுக்கியது போக மிச்சத்தைத் தின்ன மைனாக்கள் பின்னாலேயே வரும்.

முன்பு வெங்காயக் கொல்லையில் ஆளுக்கொரு வரிசை. தங்கப்பொண்ணுக்குக் கை வேகம். பக்கத்து வரிசைப் பச்சையம்மாவுக்கு வாய்தான் வேகம். தன் மருமகள் கதையைப் பேசியே பின்தங்கிவிடுவாள். முதலில் முடித்தவள் மற்றவளின் வரிசையை எதிர்முனையிலிருந்து கொத்திக்கொண்டு வருவது வழக்கம். "ஒன் வரிசையும் என் தலையிலதான்டி எழுதியிருக்கு!" என்று திட்டிக்கொண்டே தங்கப்பொண்ணு வருவாள். வரிசையின் நடுவில் இருவரும் முட்டிக்கொண்டு சிரிப்பார்கள்.

பிறகு கொல்லைக்குக் களைக்கொல்லி மருந்து வந்தது; களை கொத்த ஆள் வேண்டாமென்றானது. பச்சையம்மா மகளோடு திருப்பூர் போய்விட்டாள்.

நேற்று தன் வரிசையை முடித்த தங்கப்பொண்ணு, பழைய நினைப்பில் பக்கத்து வரிசையின் எதிர்முனையில் போய்க் குந்திவிட்டாள். வரிசையின் மறுகோடியில் புழுவைக் கவ்வியபடி ஒரு மைனாதான் நின்றது.

"என்னடி பாக்குற? அங்கேர்ந்து கொத்திக்கிட்டு வா!" என்று அதட்டினாள்.

மைனா பறந்துபோனது. தங்கப்பொண்ணு பாதி வரிசைவரை கொத்திவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தாள்.