ஸ்வீடன் டீச்சரும் எங்கள் எல்.கே.ஜி.யும்

பள்ளிக்கூட ஆயா வேலையில் பிள்ளைகள் கத்தினால் ஒரு கவலை, கத்தாமல் இருந்தால் அதைவிடப் பெரிய கவலை. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏழாவதோடு படிப்பை விட்ட நான், சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் ஸ்வீடனில் டீச்சர் படிப்பு படிக்கிற கிளாரா என்ற பெண் எங்கள் வகுப்புக்குப் பயிற்சிக்கு வந்தாள். கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டே வந்திருந்தாள். பிள்ளைகளோடு சேர்த்து அவளையும் பார்த்துக்கொள்ளும்படி ஹெச்.எம். சொல்லிவிட்டார்.

பேர் சொல்லிக் கூப்பிட

முதல் நாளே பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "என்னைக் கிளாரா என்று கூப்பிடுங்கள்" என்றாள். அவள் ஊரில் அப்படித்தானாம். ஹெச்.எம். காதில் விழுந்தால் என்னைத்தானே கேட்பார் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அவள் முகம் வாடிவிட்டது. கடைசியில் முத்துமாரி என்ற வாண்டுதான் எழுந்தாள்.

"பேரச் சொன்னா எங்கம்மா வாயிலயே போடும், டீச்சர்."

கடை விளையாட்டு

கடை வைத்து விளையாட மரத்தில் செய்த காய்கறி, தராசு எல்லாம் கொண்டுவந்திருந்தாள். ஒரு மூலையில் மேசை போட்டுக் கொடுத்தோம். சற்று நேரத்தில் மேசை வாசலுக்குக் குறுக்கே வந்துவிட்டது. அம்மாமார் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகளாயிற்றே. கடை கம்பெனி கேட் ஆகிவிட்டது, பாண்டி என்ற பொடியன் வாட்ச்மேன். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கி நிற்க, அவன் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்து உள்ளே விட்டான். கிளாராவும் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றாள்.

"செல்போன இங்கன வச்சிட்டுப் போங்க டீச்சர். பாவாடையும் நைலானா இருக்கு, தீப்பொறி வரும். எதுக்கும் போர்மேன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுறேன்."

வீடியோ பாடம்

ஒரு பாடத்தை முழுதாக வீடியோ எடுத்து அவள் காலேஜுக்கு அனுப்ப வேண்டும். அதில் தேறாவிட்டால் டீச்சர் ஆவது ஒரு வருடம் தள்ளிப்போகும் என்றாள். அவளைவிட எனக்குத்தான் கவலை. பிள்ளைகளுக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு உட்காரவைத்தேன்.

மழைப் பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பாதியில் தூரத்தில் டம்மென்று ஒரு சத்தம். பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கிளாரா மட்டும் சிரித்துக்கொண்டே, "பண்டிகையா?" என்றாள். எந்தப் பட்டாசுக் கம்பெனியில் வெடித்ததோ என்று நான் செல்லை எடுத்தேன்.

வேலை நேரத்தில் அம்மாமார் கையில் செல் இருக்காது. கம்பெனிகள் இருக்கிற நாரணாபுரத்தில் கடை வைத்திருக்கும் என் தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவள் விசாரிக்கிறவரை வகுப்பில் ஓர் அசைவு இல்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் கிளாராவுக்குப் புரிந்திருக்க வேண்டும். தரையில் இறங்கிப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். வெம்பக்கோட்டைப் பக்கம் கல்குவாரியில் வைத்த வெடி என்று தங்கச்சி சொன்னாள். நான் தலையாட்டியதும் முத்துமாரி டீச்சரின் முழங்கையைத் தட்டினாள்.

"ஒண்ணுமில்லையாம் டீச்சர். விட்ட எடத்துலருந்து பாடுங்க."

மார்க்

பேசாமல் இருந்த பகுதியை வெட்டிவிட்டு அனுப்பு தாயி, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். "வெட்டினால் பிள்ளைகள் ஏன் என்னோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாதே அக்கா" என்று முழுதாகவே அனுப்பினாள். பாடம் முடியவில்லை, மறுபடி எடு என்று பதில் வந்தது. ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் எடுத்தாள். அன்று வெடி எதுவும் இல்லை, பாட்டும் கதையும் ஒழுங்காக முடிந்தன. தேறிவிட்டாள்.

ஆனால் கீழே ஒரு குறை எழுதியிருந்தார்கள். லோடு லாரி போனாலும், பக்கத்து வகுப்பில் கதவு சாத்தினாலும் ஆசிரியையின் பார்வை ஜன்னலுக்கு ஓடுகிறதாம். கிளாரா அதைத் தமிழில் சொல்ல, ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அது இங்க எல்லா டீச்சருக்கும் உள்ளதுதாம்மா. அதுக்கெல்லாம் நாங்க மார்க் கொறைக்கிறதில்ல."

பாடம் நடத்திப் பழக வந்த பிள்ளைக்கு நாங்கள் பழக்கிவிட்டது ஜன்னலைப் பார்க்கத்தான். ஸ்வீடனில் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்குமோ என்று இப்போது அதற்கும் சேர்த்து நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.