அரிகிருஷ்ணனின் கட்டைவிரல்

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைக்கிறார். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்க்கிறார். திரும்பி வந்து இன்னொரு வாய் குடிக்கிறார். இம்முறை டம்ளரை டி.வி. மேசையில் வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறுகிறார். அரிகிருஷ்ணன் ஒரு டீ குடித்து முடிக்க நாற்பது நிமிஷம் ஆகும். அதில் பத்து நிமிஷம் டம்ளரைத் தேடுவதில் போய்விடும்.

கனகசெட்டிக்குளத்தில் அவர் வீட்டு மாடியில் மூன்று வருஷமாகக் குடியிருக்கிறேன். மொட்டைமாடிக்குப் போகிற படி என் வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறார் என்று எண்ணுவதை முதல் மாதத்திலேயே விட்டுவிட்டேன். அவர் ஓரிடத்தில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கேட்டால், "ஒக்காந்தா முட்டி புடிச்சிக்குது சார்" என்பார். முட்டிக்கு ஒன்றும் இல்லை. அவர் மனைவி மேனகா சொல்வதுதான் சரி: "அவரு சாமி கும்பிடறதே நடந்துகினுதான்."

இருபத்திரண்டு வருஷம் விசைப்படகு ஓட்டியவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் கடலுக்குப் போகக் கூடாது என்றுவிட்டார். இப்போது ஒரு மினி லாரியில் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றிப் போகிறார். படகை விட்டாலும் படகின் பழக்கம் விடவில்லை. கையில் கயிறு கிடைத்தால் முடிச்சுப் போட்டுவிடுவார். என் துணிக்கொடியில் மட்டும் பதினேழு முடிச்சு இருக்கிறது.

போன் பேசுவது இன்னும் வேடிக்கை. படகு வயர்லெஸ்ஸில் பொத்தானை அழுத்தினால்தான் நம் குரல் போகும், விட்டால்தான் அடுத்தவர் குரல் வரும்; பேசி முடித்ததற்கு அடையாளமாக 'ஓவர்' என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஞாபகத்தில் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் வலது கட்டைவிரல் போனின் ஓரத்தில் சத்தம் கூட்டுகிற பொத்தானை அழுத்தும். அதனால் அவர் போனில் சத்தம் எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும். கடைத்தெருவில் நின்று மேனகாவிடம், "இஞ்சி வாங்கிட்டேன், வேற இன்னா வேணும், ஓவர்" என்று அவர் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

இந்த மனுஷர் ஆறு மாதமாக மகளோடு பேசவில்லை. ஒரே மகள், கவிநிலா. கடலூரில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவளோ பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, கல்யாணம் இப்போது வேண்டாம் என்றாள். அன்றைக்கு வீடு இரண்டுபட்டது. மாடியில் எனக்கே கேட்டது. "போறதுன்னா போ. ஆனா எனக்குப் போன் பண்ணாத." அவளும் போனாள், போன் பண்ணவில்லை. அம்மாவோடு தினமும் பேசுவாள், அப்பாவுக்குக் கொடு என்று சொல்ல மாட்டாள். "பொறந்ததுலேர்ந்து நான் சொன்ன எத்தயும் கேக்காதவ. இத்த மட்டும் கேட்டுட்டா பாருங்க சார்" என்று படியில் நின்று என்னிடம் சொன்னார். சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே கறுப்பு நிறத்தில், காதை முழுக்க மூடுகிற ஹெட்செட். கன்னத்துக்கு முன்னால் நீளுகிற மைக், காதோரம் ஒரு பட்டன், கூடவே வயர் இல்லாமல் அதை இணைக்கிற, சுண்டுவிரல் அளவு டாங்கிள். கவிநிலா கல்லூரி நாளில் வாங்கிப்போட்ட கேம் கன்சோல் இந்த வீட்டில் துணி மூடிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். அவர் நின்றுகொண்டே ஆடுவார். பார்சலோடு வந்த செய்தியை மேனகா சொன்னாள்: "ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு கேமுக்கு வருவாளாம். அப்பா இத்த மாட்டிகினு வந்தா பேசலாமாம். இது போன் இல்லன்னு சொல்லச் சொன்னா."

இப்படி ஒரு வழி கண்டுபிடித்த பெண்ணை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பனுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு என் கதவைத் தட்டினார். "சார், நீங்க படிச்சவரு. கொஞ்சம் வந்து பாருங்க." நான் படித்தது வரலாறு. அதைச் சொல்லவில்லை, அவர் முகம் அப்படி இருந்தது.

டாங்கிளை அவர் டி.வி.யில் சொருகி வைத்திருந்தார். "சத்தம் டி.வி.லேர்ந்துதான சார் வருது, அப்ப குச்சிய அதுலதான சொருவணும்." எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, சேரவில்லை. ஹெட்செட்டை அணைத்தோம், போட்டோம், டாங்கிளைத் துடைத்தோம். அவர் இரண்டு தடவை மாடிக்குப் போய்விட்டு வந்தார். அடுப்படியிலிருந்து மேனகா எட்டிப் பார்த்து, "ஆடறது அந்தப் பொட்டிலதான, அதுல சொருவினா இன்னா" என்றாள். கன்சோலில் சொருகினோம். மினுக்கல் நின்று விளக்கு நிலையாக எரிந்தது. ஆனாலும் சத்தம் டி.வி.யிலிருந்தே வந்தது. செட்டிங்ஸ், அதற்குள் சவுண்ட், அதற்குள் அவுட்புட் என்று தோண்டிப் போய் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுத்தேன். டி.வி. ஊமையானது. அவர் காதைப் பிடித்துக்கொண்டு, "வந்துருச்சி சார், வந்துருச்சி" என்று அறையைச் சுற்றி நடந்தார்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. அப்போதுதான் அந்தப் பட்டனைக் காட்டி, "இத்த அமுக்கிப் புடிச்சிகினேதான பேசணும்?" என்று கேட்டார். நான் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினேன், அணைந்தது. "பிடிக்க வேண்டாம். பேசத் தொடங்கும்போது ஒரு தட்டு, முடித்ததும் ஒரு தட்டு. சிவப்பு எரிந்தால் உங்கள் குரல் போகிறது" என்று வாத்தியார் தோரணையில் விளக்கம் கொடுத்தேன். இந்த வாழ்நாளில் நான் கொடுத்த மோசமான விளக்கங்களில் அது ஒன்று.

நாலு மணிக்குத் திரையில் கவிநிலாவின் பெயர் வந்தது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பட்டனைத் தட்டினார். "கவி. அப்பா பேசுறேன். நல்லா இருக்கியா, ஓவர்." தட்டி அணைத்தார். காத்திருந்தார்.

"'அப்பா, இருக்கியா'ன்றா சார். நான் பேசினது போவல போலக்குது."

மறுபடி தட்டினார். "வேலயெல்லாம் எப்டி போவுது. சோறு ஒத்துக்குதா, ஓவர்." தட்டினார். "ஹலோ ஹலோன்றா சார், வேற ஒன்னும் இல்ல. மேனகா, அந்தக் குக்கர நிறுத்து, ஒன்னும் கேக்கல." இப்படி நாலு தடவை. திரையில் ஆட்டம் தொடங்கி அவருடைய ஆட்டக்காரன் மட்டையோடு நின்றுகொண்டிருந்தான். கேம் ரிமோட் சோபாவில் கிடந்தது. சிவப்பு விளக்கு அணைந்திருக்க, அவர் சுவருக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"எனக்குக் குடுத்து வெக்கல சார். அந்தக் கடலூர்க்காரன் கிட்ட வாக்கு குடுத்துட்ட ரோசத்துலதான் அன்னிக்குக் கத்தினேன். தப்பு என்னுதுதான். அத்த எப்டி சார் பொண்ணு கிட்டச் சொல்றது. ரெண்டு வாட்டி லோடு எடுத்துகினு பெங்களூர் போனேன். அவ ஆஸ்டல் வாசல்ல லாரியப் போட்டுட்டு ஒரு மணி நேரம் நின்னேன். கூப்புடல, வந்துட்டேன். மேனகாவுக்கே தெரியாது." ஒரு நிமிஷம் காதைப் பொத்திக் கேட்டார். "அந்தப் பக்கம் சத்தமே இல்ல. போயிட்டா."

அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஹெட்செட் வந்த அட்டைப் பெட்டியை எடுத்துப் படிப்பதுபோலத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

மேனகா ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். "பெங்களூருக்கா போன? என்கிட்ட சேலத்துக்குன்ன" என்றாள். அவர் நின்றுவிட்டார். அவள் ஒரு காதை மூடியிருந்த ஹெட்செட்டை நகர்த்திவிட்டு, மகள் அனுப்பியிருந்த குரல் செய்தியை ஓடவிட்டாள். அழுகையை அடக்கிய குரல், ஆனால் கவிநிலாதான்.

"அம்மா, அப்பா என்கிட்ட பேசும்போது ஒன்னும் கேக்கல. பேசி முடிச்சிட்டுப் பேசறதெல்லாம் நல்லாக் கேக்குது. செவப்பு எரிஞ்சா மைக் ஆஃபும்மா. பட்டன்ல கை வெக்காம இருக்கச் சொல்லு. நான் இன்னும் லைன்லதான் இருக்கேன். அடுத்த வாட்டி லாரி வந்தா ஹாரன் அடிக்கச் சொல்லு."

அரிகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். நான் அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். அவர் ஹெட்செட்டைக் காதில் சரியாக இழுத்துவிட்டார். சொல்ல வாய் திறந்ததும் கட்டைவிரல் தன்பாட்டுக்குப் பட்டனை நோக்கிக் கிளம்பிவிட்டது. பாதி வழியில் பிடித்து இறக்கினார். மறுபடி கிளம்பியது.

டி.வி.க்கு நேர் எதிரே வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலது கையைத் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் முழுப் பாரத்தையும் இறக்கி வைத்துக்கொண்டு, "சொல்லு கண்ணு" என்றார்.