விசாரிக்க வந்தவர்

வேலையில்லாதவர்களுக்குச் சும்மா காசு கொடுத்தால் நாடு குட்டிச்சுவராகிவிடும் என்று யாராவது என் எதிரில் ஆரம்பித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வரி கட்டுகிறவன் ஒருவனாம், உட்கார்ந்து தின்கிறவன் இன்னொருவனாம். நான் இரண்டு பக்கமும் நின்றவள். அந்தக் காசை வாங்கியிருக்கிறேன். பிறகு உத்தியோகத்தில் சேர்ந்து சம்பளத்தில் வரியும் பிடித்தாயிற்று. அதனால் இந்த விஷயத்தில் என்னிடம் வாயைக் கொடுப்பவர்கள் பாவம்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கையகலம் நிலம் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகும்போதே நைனா காலமாகிவிட்டார். வீட்டில் அம்மாவும் நானுந்தான். எழுபதுகளின் கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தேன். பாஸான கையோடு காஞ்சிபுரம் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தேன். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு இன்டர்வியூ கார்டு வரும் என்று போஸ்ட்மேன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே வருஷங்கள் ஓடின. கார்டு வரவே இல்லை. கடைசியில் போஸ்ட்மேன் என்னைக் கண்டாலே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தார்.

அதற்காக நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனா? விடிந்தால் மாட்டுக்கொட்டகை. நாற்று பறிக்க, நடவு நட, களை எடுக்க, கதிர் அறுக்க, எல்லாவற்றுக்கும் அம்மாவுக்குச் சமமாகச் சேற்றில் நின்றேன். வீட்டுக்கு வந்தால் நெல் அவிப்பது, சோறு வடிப்பது. சாயங்காலமானால் மாமா கடையில் கணக்கு எழுதுவது. ஆனால் ஊரில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான்.

"பட்ச்சிட்டு வூட்ல சும்மாதான் கீது."

எங்கள் பக்கம் வேலை என்றால் அது கவர்மெண்டு வேலை. மற்றதெல்லாம் சும்மா. இடுப்பு ஒடிய நட்டுவிட்டுக் கரையேறும்போது அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமா என்றேனே, அவர் அம்மாவின் அண்ணன். பஸ் நிற்கிற இடத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். எங்களுக்கு நல்லது கெட்டது பார்க்க அவரை விட்டால் ஆள் கிடையாது. தான் சேல்ஸ் டாக்ஸ் கட்டுகிறவர் என்பதில் அவருக்கு மகா பெருமை. ஊரில் ரோடு போட்டாலும் சரி, பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வந்தாலும் சரி, தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரிதான் பேசுவார்.

படித்துப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காக வேலை கிடைக்காதவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது என்ற சேதி எங்கள் ஊருக்கு வந்தபோது மாமா கடையில் தாம்தூம் என்று குதித்தார்.

"யார் வூட்டுத் துட்டு அது? நான் கட்ற டாக்சு! நான் காலைலேர்ந்து இங்க குந்திக்கினு தொண்ட வத்த யாவாரம் பண்ணுவேன், எவனோ கால் மேல கால் போட்டுக்கினு துன்னுவானா?"

நான் கணக்கை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன். "நீங்களா மாமா கட்றீங்க? சோப்பு வாங்கறவங்க கிட்ட சேர்த்துத்தான வாங்கிக்கிறீங்க? நம்ம கழனிக்கு நடவுக்கு வர்றவங்க தீப்பெட்டி வாங்கறப்பவே டாக்ஸ் கட்டிட்டுத்தான் போறாங்க. நீங்க அத கொண்டும்போய் சேக்கறவரு, அவ்ளோதான்."

"பாத்தியா, பாத்தியா, பட்ச்ச திமுரு!" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் முறையிட்டார்.

அவர் பேச்சில் நியாயமே கிடையாது என்று நான் சாதிக்கமாட்டேன். பக்கத்து ஊரில் பம்புசெட்டும் புல்லட்டுமாக இருந்த வீட்டுப் பிள்ளை ஒருவன், தன் பேரில் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்து அந்தக் காசை வாங்கி காஞ்சிபுரத்தில் சினிமா பார்த்தான். அவனை நினைத்தால் எனக்கும் வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம், எங்களோடு நடவுக்கு வந்த ஊர்க்கோடி இருளர் வீட்டுப் பெண்களுக்கு ஏரி வற்றினால் மாதக்கணக்கில் கூலி கிடையாது. அவர்கள் பள்ளிக்கூடம் போகாதவர்கள், அதனால் அரசாங்கத்தின் கணக்கில் வேலையில்லாதவர்களும் இல்லை. இது அநியாயம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். கொடுத்தது தப்பில்லை, ஆள் பார்த்துக் கொடுக்காததுதான் தப்பு.

எனக்கு அந்தக் காசு எதற்கு வேண்டியிருந்தது என்றால், டைப் அடிக்க. வெறும் எஸ்.எஸ்.எல்.சி.க்குக் கார்டு வராது, டைப் லோயர் பரீட்சை பாஸானால் வரும் என்று காஞ்சிபுரத்தில் ஒரு கிளார்க்கம்மா காதில் போட்டிருந்தார். உத்திரமேரூர் பஜாரில் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. கோழி விற்று முதல் மாசத்துப் பீஸைக் கட்டிச் சேர்ந்துவிட்டேன். அடுத்தடுத்த மாசத்துக்கு விற்கக் கோழி இல்லை. மாமாவைக் கேட்டால், "இந்த வயசுல இன்னாத்துக்கு டொக்கு டொக்குன்னு தட்டிக்கினு? தையில கல்யாணத்த முடிச்சுடலாம்" என்றார். அம்மாவும் தலையாட்டினாள். உதவித்தொகை வந்தால் பரீட்சை. வராவிட்டால் தாலி. மனுப் போட்டுவிட்டு நான் காத்திருந்தேன்.

ஒருநாள் நான் கிளாசுக்குப் போயிருந்த நேரம், பேண்ட் சட்டை போட்ட ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே மாமா கடைக்குப் போயிருக்கிறார். என் பெயரைச் சொல்லி, "அந்தப் பொண்ணப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்" என்றிருக்கிறார்.

எங்கள் பக்கம் முன்பின் தெரியாத ஆள் வந்து கல்யாண வயசுப் பெண்ணைப் பற்றி விசாரித்தால் அதற்கு ஒரே அர்த்தந்தான். மாப்பிள்ளை வீட்டார் நேரே தட்டோடு வந்துவிடமாட்டார்கள். முதலில் ஒருவரை அனுப்பிக் கடையில், அக்கம்பக்கத்தில் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டு போவார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெஞ்சைத் துடைத்துப் போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து ஆரம்பித்துவிட்டார்.

"தங்கமான பொண்ணு சார். எங்க கடைக்குக் கணக்கே அதான் எயுதுது. மாசாமாசம் சுளையா சம்பளம் குடுத்துடுவேன்."

அத்தோடு விடாமல் அவரைக் கையோடு எங்கள் வீட்டுக்கு இட்டுக்கொண்டு போனார். அம்மா முழங்கால் சேற்றை அவசரமாகக் கழுவிக்கொண்டு வந்து, தன் பங்குக்கு நான் தையல் தைப்பேன் என்றாள். நான் ஊசியில் நூல் கோத்ததுகூடக் கிடையாது. நிலம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். பக்கத்துக் கழனியையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். பொண்ணு இப்போது வந்துவிடும், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். "பாக்க வேண்டாம்மா, விசாரிச்சா போதும்" என்று அவர் கிளம்பிவிட்டாராம்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கினதும் அம்மா ஓடிவந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நைனா போனதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

"உன்ன விசாரிக்க வந்தாங்கடி! மாப்ளைக்குச் சித்தப்பாவா இருக்கும். மரியாதப்பட்ட மனுசன். நான் சொன்னத எல்லாம் ஒண்ணு விடாம எயுதிக்கினாரு."

"எழுதிக்கினாரா?" என்று கேட்டேன். "மாப்ள வூட்டுக்காரன் எவனாச்சும் எழுதிக்குவானாம்மா? அவரு ரெவின்யூ இன்ஸ்பெக்டரு, ஆர்.ஐ.ம்மா! உதவித்தொகைக்கு, எனக்கு வேலை இல்லன்றது நெசமான்னு விசாரிக்க வந்தவரு!"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் நான் செய்ததெல்லாம் சும்மா என்று சொன்னவர்கள், அது சும்மாதான் என்று சொல்லவேண்டிய ஒரே ஒரு நாளில் எல்லாவற்றையும் வேலை என்று சொல்லித் தொலைத்துவிட்டார்கள்.

நான் பொறுத்துப் போகிற ஜாதி இல்லை. மறுநாள் காலை நாஷ்டாகூடப் பண்ணாமல் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு உத்திரமேரூரில் ஆர்.ஐ. ஆபீசில் போய் நின்றேன். பட்டா விஷயமாகவும் சர்ட்டிபிகேட்டுக்காகவும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அங்கே நின்றார்கள். எங்கள் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரம் ஒதுங்கினாள்.

ஆர்.ஐ. மாமாவை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதான மாசாமாசம் சம்பளம் தரேன்னு சொன்னீங்க?"

"அப்படியா மாமா?" என்று நான் திரும்பினேன். "இத்தினி வருஷத்துச் சம்பளத்தையும் இன்னிக்கே குடுத்துடுங்க. நான் பேசாம வூட்டுக்கு வந்துடறேன்."

மாமா தலையைச் சொறிந்தார். "சார், கல்யாண விசயமாச்சேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னது சார். தம்பிடி குடுத்ததில்ல" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். ஆர்.ஐ.க்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, சம்பளம் வேணா பொய். கழனி வேலை செய்யுது, கணக்கு எழுதுதுன்றது நிஜந்தான? அது வேலை இல்லியாம்மா?"

"சார்," என்றேன், "நான் பண்றது வேலைன்னா சம்பளம் எங்க? வேலை இல்லன்னா உதவித்தொகை எங்க? ரெண்டுல ஒண்ணு நீங்களே சொல்லிடுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. "நீ பேசறது எனக்குப் புரியுதும்மா. ஆனா உங்கம்மா சொன்னதத்தான் நான் எழுதியிருக்கேன். அவங்க வாயாலதான் மாத்திச் சொல்லணும்" என்றார்.

எல்லோரும் கதவோரம் பார்த்தார்கள். அம்மா ஊருக்குள்ளே பேச்சோடு பேச்சாகச் சொல்வது வேறு. இத்தனை பேர் காதுகேட்க, ஆபீசில், சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னால் நாளைக்கு எந்த வீட்டிலிருந்து பெண் கேட்டு வருவார்கள்? அவள் ஓரடி முன்னே வந்தாள்.

"சும்மாதான் சார் கீது. நெலமும் கொஞ்சந்தான். எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல சார்."

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஜெயித்துவிட்டு வருகிறேன் என்ற நினைப்பே போய்விட்டது.

மறுபடி விசாரித்து உதவித்தொகை சாங்ஷன் ஆனது. பெரிய பணம் ஒன்றும் இல்லை. டைப் பீசுக்கும் பஸ்சுக்கும் காணும், அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் நான் அந்த மாடிப்படியைத் தொடர்ந்து ஏறியிருக்கமாட்டேன். நான் கடைப்பக்கம் போனால் மாமா, "வாம்மே, என் டாக்சுல டைப்பு அடிக்கிறவளே" என்பார். "நல்லா கட்டுங்க மாமா, லோயருக்கு அப்புறம் ஹையரும் எழுதணும்" என்பேன். அன்றிலிருந்து கணக்கு எழுதினதற்கு அவரிடம் சம்பளம் கேட்டேன். மனுஷர் என் தொல்லை தாங்காமல் அவரே எழுத ஆரம்பித்துவிட்டார்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, வீட்டு வாசலில் வில்வண்டி வந்து நின்றது. இறங்கினவர்கள் தட்டில் பூவும் பழமும் வைத்திருந்தார்கள். நான் உள்ளே மேஜை மாதிரி ஒரு பலகையைப் போட்டு, டைப் மெஷின் இல்லாமலே விரலைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒரு பெரியவர், "பொண்ணு இன்னாம்மா பண்ணுது?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"எங்க பொண்ணா?" என்றாள் அம்மா. "வூட்ல சும்மாதான் கீது. ஒரு வேலயும் தெரியாது. சோறுகூட ஒயுங்கா வடிக்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவி மனுஷி மறுபடியும் ஆள் மாற்றிப் பேசுகிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டைக் கீழேகூட வைக்காமல் வண்டி ஏறிவிட்டார்கள்.

"யம்மா! இவங்க ஆபீஸ் ஆளுங்க இல்லம்மா! மாப்ள வூட்டுக்காரங்க! தட்டோட வந்திருந்தாங்க, உனக்குக் கண்ணு தெரியல?"

அம்மா வண்டி போன பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தட்டு தெரியாமயாடி? தெரிஞ்சிதான் சொன்னேன். இந்த மாசமே கல்யாணம் வேணும்னு மாமன் கிட்ட சொல்லி அனுப்பிச்சவங்க இவங்க. அன்னிக்கு ஆபீஸ்ல அத்தினி பேரு எதிர்ல உன்ன சும்மா கீதுன்னு சொன்னனே, அது இதுக்கா? போ, போயி பட்ச்சி பரீச்சைய எயுது."