முடியாதவர் யாருமில்லாத தோட்டம்

கேள்விப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். நான் ஆஸ்பத்திரித் தாதி; தோட்டத்தில் 'மிஸ்ஸி' என்பார்கள். உடல் இயலாமை பற்றித் தாதியர் நடத்திய ஓர் ஆய்வுக்காக, உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

பெரட்டுக் களத்தில்

எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்களே என்று வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் காலைப் பெரட்டுக்கே போய் நின்றேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேலைக்கு ஆள் பிரிக்கும் கண்டாக்கு ஐயா பக்கத்தில் நிற்க, "நடக்க, பார்க்க, கை கால் அசைக்க யாருக்காவது சிரமம் இருக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். நொண்டிக்கொண்டே வந்தவர்கூட நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கூட்டம் கலைந்ததும் ஓர் அக்கா என் காதோடு சொன்னார்:

"கண்டாக்கு ஐயாவ பக்கத்துல வச்சுக்கிட்டு கேட்டா, யாருங்க மிஸ்ஸி முடியலன்னு சொல்லுவாங்க?"

பாக்கியம் அக்காவின் கை

மாலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். கொழுந்து எடுக்கும் பாக்கியம் அக்கா தண்ணீர்க் குடத்தை இடது கையாலேயே இறக்கினார். வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. மழைத்தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்ததிலிருந்து அப்படித்தானாம். புருஷன் இல்லை, அவர் வேலை நின்றால் அந்த வீட்டில் அடுப்பெரியாது. படிவத்தை யாருக்கும் காட்டமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, "கையைத் தூக்கச் சிரமமா அக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றார். தூக்கிக் காட்டச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தேயில இடுப்பு ஒசரந்தானுங்களே மிஸ்ஸி, அதுக்கு மேல கையத் தூக்கி நான் என்னா செய்ய?"

நான் செய்த காரியம்

ஆனாலும் நான் படித்த படிப்பு சும்மா விடுமா? அவர் பெயருக்கு நேரே 'அதிக சிரமம்' என்று எழுதினேன். திரும்பும்போது நல்ல மழை. நனைந்துவிடுமே என்று படிவக் கட்டைத் தோட்டத்து ஆபீசில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். மறுநாள் விடிந்த பிறகுதான் செய்த வேலை உறைத்தது. அது கண்டாக்கு ஐயா உட்காரும் ஆபீஸ். சத்தியம் செய்து ஒரு நாள்கூட ஆகவில்லை!

மூச்சிரைக்க ஓடினேன். கண்டாக்கு ஐயாவின் மேசையில் கட்டு பிரிந்து கிடந்தது. மேலே பாக்கியம் அக்காவின் படிவம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்டாக்கு ஐயா அதை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அவங்க கை எனக்கு ரொம்ப நாளா தெரியுங்க மிஸ்ஸி, அதனாலதான் கொழுந்து எடுக்க லேசான மலையா பாத்து அனுப்புறேன். எழுத்துல வந்தா தோட்டத்து தொரைக்கிட்ட சொல்லியாகணும், அவரு வேலைய நிறுத்திருவாரு. நான் பாக்கல, எடுத்துக்கிட்டு போயிருங்க."

பெயர்களையெல்லாம் கிழித்துப்போட்டு வெறும் இலக்கங்களோடு படிவங்களை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். யாருக்கு என்ன முடியாது என்று தோட்டமே ரகசியமாகச் செய்து முடித்திருந்த ஆய்வைத்தான் நாங்கள் புதிதாகத் தொடங்கியிருந்தோம் என்பதை மட்டும் அறிக்கையில் எழுதவில்லை.